பேசுறார், கதைக்கிறதுதான் இல்லை

மாண்ட்ரியலில் நான் இறங்கினேன், என் பெட்டி இறங்கவில்லை. விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பட்டையில் கடைசியாக ஒரு குழந்தை வண்டியும் ஒரு ஜோடி பனிச்சறுக்குக் கட்டையும் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றையும் யாரோ எடுத்துப் போனபின் பட்டை நின்றது. கவுன்ட்டரில் இருந்த பெண் படிவம் ஒன்றைத் தந்து, பெட்டி என்ன நிறம் என்று கேட்டாள். நீலம் என்றேன். "எல்லாருடையதும் நீலம்தான்," என்றாள், உண்மையான வருத்தத்தோடு.

அந்தப் பெட்டிக்குள் என் பட்டுச்சேலை, கம்பளிச் சட்டை, சுருதிப் பெட்டி, இரண்டு பை மணப்பாறை முறுக்கு எல்லாம் இருந்தன. தோள்பையில் மிஞ்சியது மடிக்கணினியும் ஒரு துண்டும்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் பாட்டு வழியாக அதைத் திரும்பக் கொண்டுவர முயல்வதுதான் வேலை. பதினோரு வருடம் செய்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் அதையே முனைவர் பட்ட ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டேன். இசை ஆராய்ச்சி மாணவர்கள் கூடும் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றில் பேச அழைப்பு வந்தது. கடைசி நாள் எனக்கு இருபது நிமிடம். அதற்காகத்தான் இத்தனை தூரம்.

எங்கள் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் சுதா, யாழ்ப்பாணத்துப் பெண். அவளுடைய பெரியம்மா ரஞ்சினி மாண்ட்ரியலில் வில்லரே பகுதியில் இருக்கிறார். "ஹோட்டல் எல்லாம் வேண்டாம் அக்கா, பெரியம்மா கோவிப்பா," என்று சுதா சொல்லிவிட்டாள். மெட்ரோ நிலைய வாசலில் காத்திருப்பதாக ரஞ்சினி அக்காவும் செய்தி அனுப்பியிருந்தார்.

அந்த நிலையத்துக்கு நாலு வாசல் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நான் ஒரு வாசலில் நின்றேன், அவர் இன்னொன்றில் நின்றார். கூப்பிட்டுக் கேட்க என் தொலைபேசிக்கு இந்த ஊர் இணைப்பும் இல்லை. மார்ச் மாதம். பாதையோரம் பனி கரைந்து கறுப்புச் சேறாகக் கிடந்தது. திருச்சி செருப்பும் மெல்லிய சால்வையுமாக நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, காய்கறிப் பையோடு வந்த ஹெய்ட்டி நாட்டு அம்மா ஒருவர் என்னை உள்ளே இழுத்து வெப்பக் காற்று வரும் சுவரோடு நிறுத்தினார். பிறகு என் தொலைபேசியை வாங்கி, படத்தில் இருந்த ரஞ்சினி அக்காவின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு எங்கோ போனார். பத்து நிமிடத்தில் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் பிரெஞ்சில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். "இவ சொல்லுறா, செருப்போட வந்த பிள்ளையை முதல் சப்பாத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ எண்டு," என்றார் ரஞ்சினி அக்கா. தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டார்.

ஐம்பத்தெட்டு வயது இருக்கும். செயின்ட்-மிஷேலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. கார்டெறி என்றுதான் சொல்கிறார். நாள் முழுக்கப் பிரெஞ்சில் பாடிக் குழந்தைகளைத் தூங்க வைக்கிறார். வீடு இரண்டாவது மாடியில். இந்த ஊரில் மாடிப்படி வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து, இரும்பில் வளைந்து ஏறுகிறது. அதன்மேல் பனி உறைந்திருந்தது. கம்பியைக் கட்டிப்பிடித்து ஏறினேன். மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. முகம் நிறையச் சிரிப்பு.

"ஓம்," என்றார்.

யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். சொன்னவர் யோகன் அண்ணன், ரஞ்சினி அக்காவின் கணவர். ரொட்டித் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. சுதா இதை என்னிடம் சொல்லியிருந்தாள். என்னைப் பற்றி இங்கே என்ன சொல்லியிருந்தாள் என்பது சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்தது.

இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. சொதி நம் ஊர்த் தேங்காய்ப்பால் குருமாவின் தங்கை போல, காரமில்லாமல், எலுமிச்சை மணத்தோடு இருந்தது. நான் மூன்றாவது தடவை ஊற்றிக்கொள்ளும்போது ரஞ்சினி அக்கா மெல்லத் தொடங்கினார்.

"நீங்கள் பாட்டுப் படிச்சு ஆக்களைக் கதைக்க வைப்பீங்களாமே? சுதா சொன்னவள்."

"எல்லாரையும் முடியாதுக்கா. சில பேரைப் பேச வைக்கலாம்," என்றேன்.

"இவர் பேசுறார்தான் பிள்ளை. கதைக்கிறதுதான் இல்லை."

எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுகிறோமே, அதற்குப் பெயர் கதைப்பது. பாடுவதைப் படிப்பது என்கிறார்கள். என் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பை இந்த வீட்டில் வாசித்தால், பாட்டுப் படித்து ஆட்களைத் திட்ட வைக்கும் முறை என்று அர்த்தமாகும். யோகன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு எல்லாம் விளங்குகிறது. அந்த ஓம் தவிர வேறு சொல்தான் வரவில்லை.

மறுநாள் ரஞ்சினி அக்கா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டார். காலையிலேயே முன்னறையில் மூன்று நாற்காலி போட்டாயிற்று. யோகன் அண்ணன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். நேர்காணலுக்கு வந்தவர் போல.

என் சுருதிப் பெட்டி எந்த நாட்டில் இருக்கிறதோ. வாயாலேயே சுருதி பிடித்துக்கொண்டேன். அவருக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு எது என்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முதல் வரியைத் தொடங்கினேன். மூன்றாவது சொல்லில் அவர் சேர்ந்துகொண்டார். ஐந்தாவது சொல்லில் நான் நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. பல்லவி, சரணம், நடுவில் வரும் குழலோசைக்கு வாயாலேயே ஒரு சின்ன நாதம், அடுத்த சரணம். ஒரு சொல் பிசகவில்லை.

ரஞ்சினி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டொரோண்டோவில் இருக்கும் மகளுக்கு உடனே தொலைபேசியில் அழைத்தார். "அப்பா கதைக்கிறார்! முழுப் பாட்டும் சொல்லுறார்! கேள், கேள்!" என்று தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

இந்தச் சந்தோஷத்தை நான் திருச்சியில் பலமுறை பார்த்திருக்கிறேன். அது பொய்யில்லை, ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. பாட்டும் பேச்சும் மூளையில் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பேச்சு போனவர்களில் பலர் பாடுவார்கள், எண்ணுவார்கள், சாமி பெயர் சொல்வார்கள். பழகிப் பழகித் தானாக வருபவை அவை. வேலை அதற்குப் பிறகுதான். தண்ணீர் வேண்டும் என்கிற மாதிரிச் சின்ன வாக்கியத்தை ராகம் போட்டு, இடது கையால் தாளம் தட்டி, திரும்பத் திரும்பப் பாட வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ராகத்தை உருவிவிட வேண்டும். சிலருக்கு ராகம் போனபின்னும் சொல் நிற்கும். சிலருக்கு ராகத்தோடு சொல்லும் போய்விடும்.

"தண்ணி வேணும்," என்று இரண்டு சுரத்தில் பாடினேன்.

"இவர் அப்பிடிக் கேக்கமாட்டார்," என்றார் அக்கா. "என்னட்டை 'தண்ணி தாரும்' எண்டுதான் கேப்பார்."

சரி என்று அதற்கு ஒரு மெட்டுப் போட்டேன். தண்ணி தாரும். அவர் இடது கையைப் பிடித்து மேசையில் தட்ட வைத்தேன். அரைமணி நேரம். மெட்டு வந்தது. சொல் வரவில்லை. உதட்டைக் குவித்தார், கண்ணை மூடினார், நெற்றியில் வேர்த்தது. ரஞ்சினி அக்கா நாற்காலி நுனிக்கு வந்து, "சொல்லுங்கோ, தண்ணி, தண்ணி," என்று கூடவே வாயசைத்தார். கடைசியில் அவர் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, தெள்ளத்தெளிவாக ஒரு சொல் சொன்னார்.

"தபர்நாக்!"

நான் துள்ளிவிட்டேன். இரண்டாவது சொல் கிடைத்துவிட்டது! என் குறிப்பேட்டில் அதை ஒலிபெயர்த்து எழுதி, பக்கத்தில் 'பிரெஞ்சுப் பெயர்ச்சொல், உச்சரிப்பு மிகத் தெளிவு' என்று குறித்தேன். அக்காவிடம் பொருள் கேட்டேன். அவர் முகம் சிவந்து எழுந்தார். "பேந்து பாப்பம் பிள்ளை. அவர் களைச்சுப் போனார்," என்று, அவர்கள் குசினி என்று சொல்லும் சமையலறைக்குள் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கதவருகே நின்றார். "எத்தினை நாள் எடுக்கும்? நான் ஒவ்வொரு நாளும் செய்விப்பன். நீங்கள் காட்டித் தந்திட்டுப் போங்கோ."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து, ஒரு சொல்கூட மெட்டிலிருந்து கழன்று வரவில்லை என்றால் நம்பிக்கை குறைவு என்று எனக்குத் தெரியும். "கொஞ்சம் நாளாகும்க்கா," என்றேன்.

அன்று பிற்பகல் கருத்தரங்குக்குப் போனேன். பேருந்தில் ஏறியவுடன் ஓட்டுநர் போன்ஜூர் சொன்னார். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் எனக்கு யாரும் வணக்கம் சொன்னதில்லை. பதிலுக்குக் கைகூப்பிவிட்டேன், பழக்கதோஷம். பல்கலைக்கழகத்தின் இசைக் கட்டடத்துக்குள் நுழைந்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒவ்வொரு வாத்தியம். பதிவு மேசையில் மோட் என்ற மாணவி இருந்தாள், இந்த மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவள். என் பெயர் அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கழுத்தில் மாட்டிக்கொண்டே அவளிடம் கேட்டேன், தபர்நாக் என்றால் என்ன?

அவள் கையிலிருந்த காகிதக் கட்டு கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற இருவர் திரும்பினார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "தேவாலயத்தில் நற்கருணை வைக்கும் பேழை. ஆனால் இங்கே அதுதான் எங்கள் கெட்ட வார்த்தை. சுத்தியல் விரலில் விழுந்தால் சொல்வோம். யார் உங்களிடம் சொன்னது?"

எங்கள் ஊரில் அந்தப் பேழைக்கு முன்னால் முழங்காலிடுவார்கள். தொழிற்சாலையில் இருபது வருடம் காதில் விழுந்த வசவு, பாட்டைப் போலவே, பேச்சு போன பிறகும் போகாமல் நின்றிருக்கிறது. பேசுறார்தான், கதைக்கிறதுதான் இல்லை என்று அக்கா முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். குறிப்பேட்டைத் திறந்து 'பெயர்ச்சொல்' என்பதை அடித்தேன்.

அன்று இரண்டு உரைகள் கேட்டேன். ஒரு மாணவர், இந்த ஊரில் பனி அள்ளும் வண்டி வருமுன் கார்களை நகர்த்தச் சொல்லி ஊதும் சைரனையும் நான்கு கிளாரினெட்டையும் வைத்து ஒரு இசைக்கோவை அமைத்திருந்தார். சைரன் தொடங்கியதும் கூட்டத்தில் ஒருவர் தன் காரை நகர்த்த எழுந்து ஓடிவிட்டார். அமைத்தவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்காது.

இன்னொருவர் இசை வரலாற்று மாணவி. கிராமத்துத் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்த பெண்களைப் அங்கிருந்த பழைய பதிவேடுகளில் தேடியவர். திரையில் அவர் காட்டிய முதல் படத்தில் எழுத்தே இல்லை, வெறும் வெள்ளை. "எவ்வளவு தேடியும் எனக்குப் பெயர் கிடைக்காதவர்கள் இவர்கள். முதலில் இவர்களைச் சொல்லிவிட்டுத்தான் கிடைத்தவர்களிடம் போக வேண்டும்," என்று ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த வெள்ளை முடிப் பேராசிரியை ஏதோ குறித்துக்கொண்டார். அவரைப் பற்றி மோட் முன்பே எச்சரித்திருந்தாள். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கேயே விரலை விடுபவர். என் உரைக்கும் அவர்தான் கேள்வி கேட்பார்.

என் உரையில் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியும். பாட்டால் பேச்சு திரும்பாத என் நோயாளி ஒருவர். அவருக்குச் சவரிமுத்து என்று பெயர் வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு. அரசுப் பேருந்து நடத்துநர். மாதா கோயில் பாட்டெல்லாம் அட்சரம் பிசகாமல் பாடுவார். எட்டு மாதம் அவரோடு உட்கார்ந்தேன். ஒருமுறைகூடத் தண்ணீர் கேட்கவில்லை. அவர் மனைவி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரொம்ப கஷ்டப்பட்டுட்டீங்க டீச்சர், இனி வரலை," என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை மாதிரி இன்னும் இருவர் உண்டு. என் நெறியாளர் நல்ல மனிதர்தான். "அதெல்லாம் தீசிஸ்ல எழுதிக்கலாம்மா. வெளிநாட்டுல இருபது நிமிஷத்துல ஜெயிச்சதை மட்டும் சொல்லு," என்றார். தலையாட்டிவிட்டு அந்த மூவரையும் உரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், என் உரை இருந்த அன்று, விடியற்காலையில் பாட்டுச் சத்தம் கேட்டு விழித்தேன். குசினியில் யோகன் அண்ணன் தனியாக நின்று, இடது கையால் கோப்பைகளைக் கழுவியபடி பாடிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பாட்டு இல்லை, வேறு. என்னைப் பார்த்ததும் பாட்டை விடாமலே புருவத்தை உயர்த்தி, தேத்தண்ணிக் கேத்தலைக் காட்டினார். தலையாட்டினேன். ஒரு கையால் தேநீர் போட்டு, சர்க்கரை எத்தனை என்று விரலை நீட்டிக் கேட்டார். ஒன்று என்று காட்டினேன். ஒரு சொல் இல்லாமல் எல்லாம் நடந்தது.

ரஞ்சினி அக்கா எழுந்து வந்தார். "இஞ்சேருங்கோ, தண்ணி எண்டு சொல்லுங்கோ பாப்பம்," என்றார், காலை வணக்கம் மாதிரி. பாட்டு நின்றது. அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தோள் இறங்கிவிட்டது.

பேருந்தில் போகும்போதே மடியில் கணினியைத் திறந்து மூன்று பேரையும் உரைக்குள் சேர்த்தேன். முதல் படத்திலேயே. பெட்டி இன்னும் வராததால் ரஞ்சினி அக்காவின் அரக்குச் சேலையை உடுத்தியிருந்தேன். அவருடைய ரவிக்கைக்கு உள்ளே என்னைப் போல் இன்னொருத்தியும் இருக்கலாம், அவ்வளவு தொளதொளப்பு. எட்டு ஊக்கு குத்திச் சமாளித்தேன். சேலைக்குக் கீழே அக்கா வாங்கித் தந்த பனிச்சப்பாத்து.

மேடையில் ஏறி முதல் படத்தைப் போட்டேன். "பாட்டு பலரைப் பேச வைத்தது. இந்த மூவரை வைக்கவில்லை. அவர்களிடமிருந்து தொடங்குகிறேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மீதி நேரம் முழுக்க எனக்குத் தெரிந்ததைச் சொல்வது மட்டும்தான் வேலையாக இருந்தது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் பேசுவது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது.

பேராசிரியை கை தூக்கினார். தன் தாளை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். அதில் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. "தோற்றவர்கள் எங்கே என்று கேட்க வைத்திருந்தேன். நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதனால் வேறு ஒன்று கேட்கிறேன். அந்த நடத்துநருக்குப் பாடுவது பிடித்திருந்ததா?"

எட்டு மாதத்தில் எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறேன். எத்தனை சொல், எத்தனை நொடி, எத்தனை தவறு. அந்தக் கட்டம் எதிலும் இல்லை.

"தெரியாது. நான் கேட்கவில்லை," என்றேன்.

"கேளுங்கள்," என்றார். அவ்வளவுதான். சாப்பாட்டு இடைவேளையில் அவரே என்னைத் தேடி வந்து, தன் மாணவர்கள் இருவரை அறிமுகப்படுத்தி, கட்டுரையை எழுதி முடித்ததும் அனுப்பச் சொன்னார். மோட் என் காதில், "அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை," என்றாள். நெறியாளருக்குச் செய்தி அனுப்பினேன். 'சரிம்மா, தப்பிச்சோம்' என்று பதில் வந்தது. தோல்விகளை நான் சேர்த்ததை என் செய்தியில் எழுதியிருந்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை என்பதே எனக்குப் போதும்.

வீட்டுக்கு வந்தால் இரும்புப் படியின் கீழே என் நீலப்பெட்டி. கைப்பிடியைத் தொட்டதும் அழுகை வந்துவிட்டது. ஒரு பெட்டிக்காகவா என்று இப்போது சிரிப்பு வருகிறது. அது பெட்டிக்காக மட்டும் இல்லை.

முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, ரஞ்சினி அக்காவை எதிரே உட்கார வைத்துச் சொன்னேன். யோகன் அண்ணனும் அங்கேயே இருந்தார். அவர் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

"அக்கா, நேத்து நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நாளாகும்னு சொன்னேன்ல, நாளானாலும் வராம போகலாம். அண்ணா பாடுறாரு, அது அழகா வருது. ஆனா அதுல இருந்து பேச்சு வரும்னு என்னால சொல்ல முடியாது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வராதுன்னுதான் தோணுது. அவரு முயற்சி பண்ணலைன்னு நினைச்சிடாதீங்க."

அக்கா ஒரு முறுக்கை எடுத்துச் சின்னச் சின்னதாக உடைத்தார்.

"ஒவ்வொரு நாளும் காலமை கேப்பன்," என்றார் கடைசியில். "நான் கேக்காமல் விட்ட நாளில அவருக்கு வந்திடுமோ, நான்தான் விட்டிட்டனோ எண்டு ஒரு பயம். ஒரு நாள் விடயில்லை. காய்ச்சலோடயும் கேட்டனான்."

"இனி கேக்க வேண்டாம்க்கா. நீங்க விட்டதால ஒண்ணும் போகாது."

"மெய்யாவோ?"

"சத்தியமா."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு வருடமாக முதுகு சாய்க்காதவர் போல முழுசாகச் சாய்ந்தார். பிறகுதான் அழுதார். யோகன் அண்ணன் எழுந்து வந்து இடது கையை அவர் தலைமேல் வைத்தார்.

பேராசிரியையின் கேள்வியை அவரிடமே கேட்டேன். "அண்ணா, பாடுறது உங்களுக்குப் பிடிக்குதா?"

"ஓம்," என்றார். ஆனால் அவருக்கு எல்லாவற்றுக்கும் ஓம்தான். வேறு விதமாகக் கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா பாடச் சொல்லி, தண்ணி சொல்லுங்கோன்னு சொன்னா?"

"தபர்நாக்!" என்றார்.

ரஞ்சினி அக்கா அழுகையும் சிரிப்புமாகப் புரையேறி, அவர் முதுகில் ஒரு அடி வைத்தார். "பாத்தீங்களே, பேசுறார்!"

மறுநாள் ஞாயிறு. எனக்கு ஒரு முழு நாள் மிச்சமிருந்தது. எங்கே போகலாம் என்று அக்கா கேட்டபோது, மாண்ட்ரியல் வரைபடத்தை யோகன் அண்ணன் முன்னால் விரித்தேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் விரலைத் தீவின் மேற்கு நுனியில் வைத்தார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ.

"இவ்வளவு தூரமோ? அங்க என்ன கிடக்கு?" என்றார் அக்கா.

அவர் தோளைக் குலுக்கினார். போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்று நான் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

மெட்ரோ, பேருந்து, இன்னொரு பேருந்து. வழி நெடுக வெயில். அங்கே ஒரு சின்னத் தெரு, ஒரு கால்வாய், பாதி உருகிய பனிக்கட்டி மிதக்கும் அகன்ற நீர். கல்லூரிப் பிள்ளைகள் சட்டைக் கையை மடித்துவிட்டு வெயில் காய்ந்தார்கள். நான் இன்னும் இரண்டு சட்டைக்குள் இருந்தேன். பூட்டின் வாங்கினோம். உருளைக்கிழங்கு வறுவல்மேல் பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தூவி, சூடாக ஒரு பழுப்புக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். கடித்தால் பாலாடைக்கட்டி பல்லில் கீச்சென்கிறது. அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்து அதன்மேல் யாழ்ப்பாணத்துக் கறித்தூளைத் தூவினார். பக்கத்து மேசைக் கிழவர் எட்டிப் பார்த்து, தனக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தண்ணீரைப் பார்த்த பெஞ்சில் ஒரு மணி நேரம் இருந்தோம். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. யோகன் அண்ணன் இடையில் கொஞ்சம் பாடினார், பிறகு விட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பறவைகளுக்கு வறுவலைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது, கடைசியாக ஏறிய பேருந்தில் அவர்கள் இருவரும் எனக்கு எதிர் இருக்கையில். ஜன்னல் வழியாக மாலை வெயில் முகத்தில் அடிக்க, ரஞ்சினி அக்கா அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கும் குழந்தைகளைப் பார்த்தே நாளைக் கழிக்கிறவர், பகலில் தூங்கி எத்தனை காலமோ.

எங்கள் நிறுத்தம் நெருங்கியது. நான் மணிக் கயிற்றை இழுக்கக் கை நீட்டி, "அக்கா," என்று எழுப்ப வாயைத் திறந்தேன்.

யோகன் அண்ணன் இடது கை ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்தார்.

கையைக் கீழே இறக்கினேன். எங்கள் நிறுத்தம் ஜன்னலுக்கு வந்தது, கடந்து போனது.